பச்சைப் பொட்டலமும் ரப்பர் வளையமும்

அந்தக் கப்பலில் யாருக்கும் லான்யிங்கைப் பிடிக்காது. அவளுக்கும் அங்கே யாரையும் பிடிக்காது. அதனால் ஒருவருக்கொருவர் நடிக்க வேண்டிய தொல்லை இல்லாமல் வேலை நடந்தது.

கப்பலின் பெயர் ஹாய்தெங். சோயிங் துறைமுகத்தில் கட்டிக் கிடந்த போர்க்கப்பல்களிலேயே வயதானது. அமெரிக்கர்கள் வேண்டிய மட்டும் ஓட்டித் தேய்த்துவிட்டுத் தைவான் தலையில் கட்டியது. லெப்டினன்ட் கமாண்டர் துங் லான்யிங் அதன் தலைமைப் பொறியாளர். கொதிகலன், பம்பு, சுக்கானைத் திருப்பும் எந்திரம் எல்லாம் அவள் பொறுப்பு. ஏதாவது நின்றால் அது அவளுடைய குற்றம். ஓடினால் அது, கப்பலோட்டும் அறையில் சின்னப் பலகைமேல் உட்கார்ந்திருந்த கடல்தாயின் அருள்.

அவள் பிறந்ததே கடற்படைக் குடியிருப்பில். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் திட்டுவார்கள், அப்படி ஒட்டி ஒட்டிக் கட்டிய தகர வீடுகள். அப்பா சீனாவின் ஷான்தோங்கிலிருந்து தோற்ற படையோடு வந்தவர். வாழ்நாள் முழுக்கக் கொதிகலன் அறையில் வெந்து, ஒரு காதின் கேட்கும் திறனை அங்கேயே விட்டுவிட்டு ஓய்வு பெற்றவர். 1994-ல் கடற்படைக் கல்லூரி முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தபோது லான்யிங் விண்ணப்பித்தாள். சேர்க்கை கிடைத்த அன்று அப்பா சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்துவிட்டார்.

"நான் இருந்த கப்பல்ல பொம்பள கால் வெச்சா, மறுநாள் உப்பு தூவிக் கழுவுவோம்" என்றார்.

"உப்பு போட்டா இரும்பு துருப்பிடிக்கும்ப்பா. அதான் உங்க கப்பலெல்லாம் அந்தக் கதி."

அப்பா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலில் போய்ச் சாப்பிட்டார். அதன்பிறகு அவர் சாகும்வரை மகளோடு கப்பலைப் பற்றிப் பேசவில்லை. பேசுவதற்கு இருவருக்கும் இருந்த ஒரே விஷயமும் அதுதான்.

கல்லூரியில் பொறியியலில் அவள்தான் முதல். அதற்காக அவளுக்குக் கிடைத்தது ஒரு மேசை. கடற்படைத் தலைமையகத்தில், வெளிநாட்டு விருந்தாளி வந்தால் பூங்கொத்து கொடுக்கும் வேலை. சீருடை போட்ட பெண் சிரித்துக்கொண்டே பூ நீட்டினால் நாடு முன்னேறிவிட்டதாகப் படம் எடுக்கலாம். சில வருஷம் நீட்டினாள். ஒருநாள் பூங்கொத்தைப் பக்கத்தில் நின்ற ஆண் அதிகாரியின் கையில் திணித்து, "உங்களுக்கு இது நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். தண்டனையாக அனுப்பப்பட்ட இடம்தான் ஹாய்தெங். எந்தப் பொறியாளரும் போக மறுத்த கப்பல். அவளுக்கு அது தண்டனை என்று புரியவே கொஞ்ச நாள் ஆனது. எந்திரங்களைப் பார்த்ததும் முதல் தடவையாகச் சம்பளத்துக்குத் தகுந்த வேலை கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

கப்பலின் தலைவர் கேப்டன் கோங். அவரை மூடர் என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் படித்தவர். அலையும் காற்றும் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை வரைபடத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். ஆனால் நல்ல நேரம் பார்க்காமல் நங்கூரம் தூக்கமாட்டார். படிப்பு அவர் மூளையில் ஓர் அறையிலும் பயம் இன்னோர் அறையிலும் குடியிருந்தன. நடுவில் கதவே வைக்கவில்லை. பயம் மட்டும் அடிக்கடி வெளியே வந்து கட்டளை போடும்.

அவருடைய கட்டளைகளில் முதலாவது பச்சைப் பொட்டலம். குழந்தைகள் தின்கிற மக்காச்சோளப் பொரிதான். அதன் பெயருக்கே சமர்த்தாக இரு என்று பொருள். எந்திரத்தின்மேல் வைத்தால் எந்திரம் சமர்த்தாக இருக்குமாம். உறை பச்சையாக இருக்க வேண்டும், ஓடுகிற எந்திரத்தில் எரிவது பச்சை விளக்கு என்பதால். மஞ்சள் உறை வைத்தால் கோளாறு, சிவப்பு வைத்தால் எந்திரம் செத்துப்போகும். தேதி முடிந்த பொட்டலம் இருக்கக் கூடாது. வைத்ததை எடுத்துத் தின்னவே கூடாது. தீவு முழுக்கக் கணினி அறைகளிலும் மருத்துவமனைகளிலும் இதை வைக்கிறார்கள். பலருக்கு அது பாதி விளையாட்டு. கோங்குக்கு விளையாட்டே கிடையாது. மாதாமாதம் அவரே கப்பல் முழுக்கச் சுற்றி ஒவ்வொரு பொட்டலத்திலும் தேதி பார்ப்பார்.

அந்த வருஷம் ஆவிகள் வெளியே வரும் ஏழாம் மாதம் தொடங்கும்போது லான்யிங் அவர் அறைக்குப் போனாள்.

"சுக்கான் எந்திரத்துல எண்ணெய் கசியுது சார். உள்ள இருக்கிற ரப்பர் வளையங்களோட ஆயுசு ஆறு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. கப்பலைப் பழுதுபாக்கற தளத்துல ஏத்தி மாத்தணும்."

கோங் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். "எவ்வளவு கசியுது?"

"இன்னிக்குக் கொஞ்சம்தான். ஒருநாள் மொத்தமா போகும்."

"அடுத்த மாசம் தளபதி பார்வையிட வர்றார். அணிவகுப்புல ஹாய்தெங் இல்லைன்னா என் மூஞ்சிய எங்க வெச்சுக்கிறது?"

"சுக்கான் போனா எங்க வெச்சுக்குவீங்க?"

"நீ பொறியாளரா, சாபம் விட வந்தவளா?" என்றார் கோங். "போ. நான் பாத்துக்கிறேன்."

அவர் பார்த்துக்கொண்டதைப் படையலன்று காண முடிந்தது. பின்தளத்தில் மேசை போட்டு, பழம், கோழி, அரிசி மது எல்லாம் வைத்து, காகிதப் பணம் எரித்தார்கள். பெண் நின்றால் படையல் கெட்டுவிடும் என்பதால் லான்யிங்கைக் கரைக்கு அனுப்பினார்கள். பிறகு கோங் புதுப் பொட்டலங்களோடு எந்திரம் எந்திரமாகப் போனார். கூடவே கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் ஷீ. மேல்தளத்து மூத்த மாலுமி. கப்பலின் பூசாரியும் அவனே. கடைசியாகச் சுக்கான் அறை. அங்கே எந்திரத்தின் அதிர்வில் பொட்டலம் எங்கே வைத்தாலும் விழுந்தது. எண்ணெய்த் தொட்டியின் முகப்பு மட்டும் தட்டையாக இருந்தது. கோங் தன் கையாலேயே பொட்டலத்தை அங்கே வைத்துப் பிடித்தார். ஷீ நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினான்.

அந்தத் தட்டையான முகப்பில்தான் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும், கோடு போட்ட கண்ணாடி இருந்தது.

ரப்பர் வளையம் கேட்டவளுக்குச் சோளப்பொரி கிடைத்தது. மறுநாள் காலை லான்யிங் அதைப் பார்த்தாள். கிழித்து எடுத்து ஷீயின் கையில் கொடுத்தாள்.

"கேப்டன் கையால வெச்சது மேடம்" என்றான் ஷீ. பொட்டலத்தை அவன் பிடித்திருந்த விதம் செத்த பறவையைப் பிடித்த மாதிரி இருந்தது.

"கேப்டன் கண்ணால பாத்து வெச்சிருந்தா இங்க வெச்சிருக்க மாட்டார்."

மதியத்துக்குள் அதிகாரிகள் எல்லாரையும் கூட்டி நிற்கவைத்து அவளுக்குத் தண்டனைக் குறிப்பு எழுதினார் கோங். கப்பலின் மன உறுதியைக் குலைத்ததாகக் குற்றம்.

"உனக்கு நம்பிக்கை இல்லைன்னா இருக்கட்டும்" என்றார் எல்லார் முன்னாலும். "இருநூறு பேரோட மனசோட விளையாடற உரிமை உனக்கு யார் குடுத்தது? மறுபடியும் யாராவது அதைத் தொட்டா கரையில இறக்கிவிட்டுடுவேன்."

வரிசையில் எவனோ மூக்கால் சிரித்தான். பொட்டலம் அதே இடத்தில் திரும்பவும் ஒட்டப்பட்டது, முன்னைவிட அதிக டேப்போடு.

காவல் பார்க்கும் பையன்களிடம் அவள், "பொட்டலத்தத் தூக்கிப் பாத்து அளவு எழுதுங்கடா" என்று ஒரு தடவை சொன்னாள். ஷீ அவர்களிடம், "தொட்டவன் விரல் பத்திரம்" என்று தினமும் சொன்னான். இரண்டில் எது ஜெயிக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு அவள் சுக்கான் அறைக்குப் போகவில்லை. உங்கள் பொட்டலமே கப்பலை ஓட்டட்டும் என்று கொதிகலன் அறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். கோபத்தில் அவளுக்கு அது நியாயமாகவே பட்டது.

மணிக்கு ஒருமுறை காவல்காரன் சுக்கான் அறைக்குப் போனான். பொட்டலத்தைப் பார்த்தான். எண்ணெய் சரி என்று எழுதினான். அடுத்தவனும் அப்படியே எழுதினான். தளபதி வந்து, பார்த்து, கைகுலுக்கிவிட்டுப் போனார்.

அணிவகுப்பு முடிந்து துறைமுகத்துக்குத் திரும்பும்போது, சோயிங் வாயிலின் குறுகலான இடத்தில் சுக்கான் இடப்பக்கம் திரும்பியது. திரும்பியது திரும்பியதுதான். தொட்டியில் எண்ணெய் இல்லை. வேகத்தைக் குறைத்து, எந்திரத்தைப் பின்னுக்கு ஓட்டி, லான்யிங்கின் ஆட்கள் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். கப்பல் தன் போக்கில் சாய்ந்து, அலைதடுப்புச் சுவருக்குப் பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த சின்னப் படகொன்றைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. படகில் இருந்தவர் ஆஷுய் என்ற கிழவர். உயிர் தப்பியது. வலதுகால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

கோங் முதலில் செய்த காரியம் கப்பலுக்குப் பிக்குகளை வரவழைத்தது. மணியடித்து ஓதினார்கள். ஆஷுய்க்குப் பழக்கூடை போயிற்று. இரண்டாவதாகச் செய்தது, யென் பாய்ஹான் என்ற கட்டாய இராணுவச் சேவைப் பையனைக் காவலில் வைத்தது. விபத்தின்போது சுக்கான் அறைக் காவல் அவனுடையது. எண்ணெய் சரி என்று கடைசியாக எழுதியவனும் அவன்தான். கடமை தவறியதற்காக இராணுவ நீதிமன்றம், சிறை. சேவை முடிந்து வீட்டுக்குப் போக அவனுக்குச் சில வாரங்களே இருந்தன. துறைமுகப் படைத்தளம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. முடிவு முன்னாலேயே தயார், கேள்விகள்தான் பாக்கி.

விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அதிகாரிகள் சாப்பாட்டு அறையில் கோங் அவள் எதிரே வந்து உட்கார்ந்தார். அதுவரை அவளோடு ஒரே மேசையில் அவர் உட்கார்ந்ததே கிடையாது.

"மீன் நல்லா இருக்கா?"

"விஷயத்தச் சொல்லுங்க சார்."

"பொட்டலம் எங்க ஒட்டியிருந்துச்சுன்னு குழுவுல யாரும் கேக்கமாட்டாங்க. ஷீ அதைக் கழட்டி எடுத்துட்டு வந்துட்டான். நீயா சொல்லாத. அவ்வளவுதான்."

"பையன் உள்ள போவான்."

"பையன் எழுதினது பொய்யா இல்லையா?"

"எல்லாரும் எழுதின பொய்."

கோங் மீனிலிருந்து ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். "கமாண்டர் பதவி உயர்வுப் பட்டியல்ல முதல் தடவையா ஒரு பொம்பள பேர் இருக்கு. அதை நான்தான் எழுதினேன், உன்னைப் பிடிக்காட்டியும். எந்திரம் உன்னுது. பொட்டலத்தைப் பத்தி வாயத் திறந்தா, மூணு வாரமா நீ அந்த அறைக்கே போகலைங்கிறதும் வெளிய வரும். யாருக்காகச் சொல்லப்போற? அந்தப் பையன் உனக்கு வெச்ச பேர் தெரியுமா?"

தெரியும். அமிலம்.

அன்று மாலையே காவல் கொட்டடிக்குப் போனாள். பாய்ஹான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்து நிற்கவில்லை.

"என்ன மேடம், அழுறேனான்னு பாக்க வந்தீங்களா?"

"நீ அழுதா எனக்கென்ன. தொட்டியில எண்ணெய் எவ்வளவு இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் பெட்டியின் மூடியை நகத்தால் சுரண்டினான்.

"ஷீ கழட்டிக் கொண்டுவந்தது மஞ்சப் பொட்டலமாமே. வெச்சது பச்சை. மாத்தினது யாரு?"

"நான்தான்" என்றான் பாய்ஹான். "அதிகாலைக் காவல். பசிச்சுது. கிழிச்சுத் தின்னுட்டேன். சிறையில அதுக்கும் சேத்துப் போடுவாங்களா?"

"தின்னப்ப பின்னாடி என்ன இருந்துச்சு?"

"கண்ணாடி. எண்ணெய் அடிக்கோட்டுக்குக் கீழ இருந்துச்சு."

லான்யிங் அங்கிருந்த இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "யார்கிட்ட சொன்ன?"

"ஷீ அண்ணன்கிட்ட. கன்னத்துல ஒண்ணு வெச்சார். 'கொலைகாரா, பொட்டலத்தத் தின்னுட்டியேடா'ன்னார். எண்ணெய் குறைஞ்சிருக்கு அண்ணேன்னேன். 'மொதல்ல பொட்டலத்த ஒட்டு, மத்தது அப்புறம்'னார். கேன்டீன்ல பச்சை தீந்துபோச்சு. மஞ்சள்தான் இருந்துச்சு, அத ஒட்டினேன். மறுபடியும் எண்ணெய் சரின்னு எழுதினேன். எல்லாரும் அப்படித்தானே எழுதறாங்க."

"ஏன் என்கிட்ட வரல?"

அவன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். "உங்ககிட்டயா? கடைசியா என்கிட்ட என்ன பேசினீங்கன்னு ஞாபகம் இருக்கா? மூளைய ஊர்லயே வெச்சுட்டு வந்தியான்னீங்க. பத்துப் பேர் முன்னாடி."

அவளுக்கு ஞாபகம் இல்லை. அதுபோல அவள் பலரிடம் பேசியிருந்தாள்.

"சாப்பிடு, ஆறிப்போகுது" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அது மன்னிப்புக் கேட்பதுபோல இல்லை, கட்டளைபோலத்தான் வந்தது.

விசாரணை மண்டபத்தில் குழுத் தலைவர் ஓர் அட்மிரல். இரண்டு பக்கமும் இரண்டு அதிகாரிகள், ஓரத்தில் சட்ட அதிகாரி. மேசை நடுவில் தட்டையாக நசுங்கிய மஞ்சள் பொட்டலம், சான்றுப்பொருளாக. முதலில் ஷீ சாட்சி சொன்னான்.

"மஞ்சள்னு நிச்சயமா?" என்று கேட்டார் அட்மிரல்.

"நிச்சயம் சார். பச்சைய இவன் தின்னுட்டான். மஞ்சள வெச்சான். அன்னிக்கே எனக்கு நெஞ்சு படபடன்னுச்சு."

"எப்போ வெச்சது?"

"விபத்துக்கு அஞ்சு நாள் முன்னாடி சார்."

ஓர் அதிகாரி இன்னோர் அதிகாரியைப் பார்த்துத் தலையசைத்தார். சட்ட அதிகாரி எழுதினார். நாற்பது, ஐம்பது வயது கடந்தவர்கள். ஏவுகணை ஏவப் பழகியவர்கள். ஒரு கப்பல் ஏன் திரும்பவில்லை என்பதற்குச் சோளப்பொரியின் உறை நிறத்தை முகம் சுளிக்காமல் விசாரித்தார்கள். கால் போன கிழவரைச் சாட்சியாக அழைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் பெயரும் அந்த மண்டபத்தில் உச்சரிக்கப்படவில்லை.

லான்யிங்கின் முறை வந்தது. எந்திரத்தில் முன்பே குறை இருந்ததா என்று கேட்டார்கள். அது ஓர் ஆமாம் அல்லது ஓர் இல்லையோடு முடிந்துவிட வேண்டிய கேள்வி.

"அந்தப் பொட்டலம் எங்க ஒட்டியிருந்துச்சுன்னு யாரும் கேக்கலையே சார்" என்றாள்.

கோங் நாற்காலியில் அசைந்தார்.

"எங்க?" என்றார் அட்மிரல்.

"எண்ணெய் அளவு காட்டற கண்ணாடிமேல. கேப்டன் கையால. நாலு பக்கமும் டேப் போட்டு. நான் எடுத்தேன், எனக்குத் தண்டனைக் குறிப்பு. அதுக்கப்புறம் யாரும் தொடல. மூணு வாரமா காவல்காரங்க எண்ணெய்னு எழுதினது பொட்டலத்தப் பாத்து. இந்தக் கப்பல்ல அந்தக் கண்ணாடிய நேர்ல பாத்தவன் ஒருத்தன்தான். பொட்டலத்தத் திருடித் தின்னவன். பாத்ததும் எண்ணெய் குறைஞ்சிருக்குன்னு சொல்லவும் செஞ்சான். கேட்ட ஆளுக்கு எண்ணெய் காதுல விழல, பொட்டலம்தான் விழுந்துச்சு."

ஷீ தரையைப் பார்த்தான்.

"இது பொறியாளரோட கற்பனை" என்றார் கோங். "கப்பல் பராமரிப்பு முழுக்க அவ பொறுப்பு."

லான்யிங் அவர் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு கேக்கறேன் சார். பொட்டலத்துல தேதி பாப்பீங்களா?"

"மாசாமாசம். நானே."

"முடிஞ்ச தேதியோட ஒண்ணாவது இருந்துச்சா?"

"ஒருநாளும் இருந்ததில்ல."

"ரப்பர் வளையத்துல தேதி முடிஞ்சு ஆறு வருஷம். வந்து சொன்னேன். நீங்க பொட்டலம் குடுத்தீங்க."

மண்டபத்தில் யாரோ பேனாவை மேசையில் வைத்த சத்தம் கேட்டது.

"கேப்டன் இன்னும் சொல்லாததையும் நானே சொல்லிடறேன்" என்றாள் லான்யிங். "அந்தத் தண்டனைக்கு அப்புறம் நான் சுக்கான் அறைக்குப் போகல. அது என் வேலை. கோபத்துல விட்டுட்டேன். அதையும் எழுதிக்குங்க. இன்னொண்ணும் எழுதிக்குங்க. படகுல இருந்தவர் பேர் ஆஷுய். வலதுகால் போச்சு. இவ்வளவு நேரம் நீங்க விசாரிச்சிருக்க வேண்டியது அவர் கால் போன கதைய, பொரியோட கலர இல்ல."

அட்மிரல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க நாக்குக்குத் தனியா ஒரு விசாரணை வைக்கணும்" என்றார். ஆனால் எழுதச் சொன்னார்.

தீர்ப்பு வந்தது. பாய்ஹானுக்குச் சிறை இல்லை. ஆனால் கப்பலின் மன உறுதிக்காக வைத்த பொருளைத் தின்றதற்காகச் சில நாள் கப்பலிலேயே அடைப்பு. எண்ணெய் பற்றிப் பொய் எழுதியதற்கு அவனுக்கோ மற்ற யாருக்கோ தண்டனை இல்லை. அதை எழுதினால் எல்லாரையும் எழுத வேண்டியிருக்கும். ஷீக்கு எச்சரிக்கை. கோங் கரையில் ஒரு திட்டக் குழுவுக்கு மாற்றப்பட்டார். ஒரு வருஷம் முடிவதற்குள் அங்கிருந்து ரியர் அட்மிரலாக வெளியே வந்தார். விழுந்தாலும் மேலே விழுகிறவர்களுக்கு எந்தப் பொட்டலமும் தேவைப்படுவதில்லை. பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து லான்யிங்கின் பெயர் போயிற்று. அவளைக் கப்பலிலிருந்து இறக்கி, படைத்தளத்தின் உதிரிபாகக் கிடங்குக்குப் பொறுப்பாக்கினார்கள். அதன்பின் அவள் கடலில் வேலை செய்யவே இல்லை. ஆஷுய்க்கு இழப்பீடு வந்துசேர்வதற்குள் அவர் மனைவி அந்தப் படகு நின்ற இடத்தை இன்னொருவருக்கு விட்டுவிட்டாள்.

கடற்படை ஒரு பாடமும் கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட முடியாது. அடுத்த ஏழாம் மாதத்துக்குள் ஒரு சுற்றறிக்கை வந்தது. லான்யிங் அதைக் கிடங்கில் நின்றபடியே படித்தாள். எந்திரங்களின்மேல் வைக்கப்படும் மன உறுதிப் பொருள்கள் அளவுகாட்டும் கருவிகளை மறைக்காதபடி வைக்கப்பட வேண்டும். ஒரே அளவில் இருக்க வேண்டும். தரம் காக்கும் பொருட்டு இனி அவை உதிரிபாகக் கிடங்கு வழியாகவே வழங்கப்படும்.

ஒரு மனிதனின் கால் போனதற்கு அரசாங்கம் கண்டுபிடித்த மருந்து, பொட்டலத்தை ஒரு சாண் தள்ளி வைப்பது. அதை வழங்கும் பூசாரி வேலையையும் அவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள். அன்று அவள் வேலையை விட்டுவிடத்தான் நினைத்தாள். விண்ணப்பத்தைக்கூட எடுத்தாள். பிறகு கிடங்கின் பின்பக்கம் போனாள். அங்கே ரப்பர் வளையங்கள் பெட்டி பெட்டியாக, புதிதாக, கேட்பாரில்லாமல் அடுக்கியிருந்தன. இத்தனை வருஷமாகக் கப்பல்களுக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லப்பட்ட அதே வளையங்கள். கேட்டு எழுதினால் கப்பலைத் தளத்தில் ஏற்ற வேண்டும், ஏற்றினால் அணிவகுப்பு போகும் என்பதால் ஒருவரும் எழுதிக் கேட்கவில்லை.

விண்ணப்பத்தை மடித்து மேசைக்குள் போட்டாள்.

முதலில் வந்தவன் ஒரு ரோந்துக் கப்பலின் மாலுமி. "பத்துப் பச்சை, மேடம்."

"பழைய வளையம் எங்க?"

"என்ன வளையம்?"

"எந்த எந்திரத்துக்குப் பொட்டலம் வேணுமோ, அந்த எந்திரத்தோட பழைய ரப்பர் வளையத்தக் கழட்டிக் கொண்டுவா. இங்க போடு. புதுசு ஒண்ணு வாங்கி மாட்டு. அப்புறம் பொட்டலம்."

"அப்படி எந்த உத்தரவும் இல்லையே மேடம்."

"தரம் காக்கும் பொருட்டுன்னு எழுதியிருக்கு, படி. என் கிடங்கோட தரம் இது. இல்லாட்டி கேன்டீன்ல மஞ்சள் கிடைக்கும், வாங்கிட்டுப் போ."

மஞ்சள் என்றதும் மாலுமி பின்வாங்கினான். அன்று மாலையே தொலைபேசி அடித்தது. எடுத்ததும் குரலைக் கண்டுகொண்டாள். ரோந்துக் கப்பல்கள் எல்லாம் இப்போது ரியர் அட்மிரல் கோங்கின் கீழ்.

"நீ இன்னும் திருந்தலையா?" என்றார்.

"யார் சார் பேசறது?"

"யாருன்னு உனக்குத் தெரியும். ஏழாம் மாசம் பொறக்கப் போகுது. பொட்டலம் இல்லாம என் கப்பல் எதுவும் கிளம்பாது."

"அப்ப தளத்துல ஏத்தி வளையத்தக் கழட்டச் சொல்லுங்க. நல்ல நேரம் போயிடப் போகுது."

கோங் தொலைபேசியை வைத்துவிட்டார். அவளைத் தூக்கி வேறு எங்கேயாவது போட அவரால் முடியும். அதற்குக் காரணம் எழுத வேண்டும். எழுதினால் பொட்டலம் எங்கே ஒட்டியிருந்தது என்ற பழைய கதை மறுபடியும் மேசைக்கு வரும். அதைவிட முக்கியமாக, ஏழாம் மாதம் வந்துகொண்டிருந்தது.

கப்பல்கள் ஒவ்வொன்றாகத் தளத்தில் ஏறின. வளையங்கள் வரத் தொடங்கின. மாலுமிகள் துணியில் சுற்றி, கரி படிந்த கையோடு கொண்டுவந்து கொட்டினார்கள். வெடித்தவை, கல்லாய் இறுகியவை, விரலால் தொட்டால் கறுப்பு மாவாய் உதிர்ந்தவை. ஒன்றில் அச்சிட்ட தேதி, அதைக் கொண்டுவந்தவன் பிறந்த வருஷத்துக்கும் முந்தியது. லான்யிங் அதை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இதை நம்பித்தான் இத்தனை நாள் தூங்கினியா?"

"பொட்டலம் இருந்துச்சே மேடம்" என்றான் அவன், உண்மையாகவே.

ஓய்வு பெறும்வரை அவள் அந்தச் சட்டத்தை மாற்றவில்லை. லெப்டினன்ட் கமாண்டராகவே ஓய்வு பெற்றாள். விடைபெறும் விருந்து எதுவும் நடக்கவில்லை. இரண்டு பக்கமும் யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

படைத்தள வாசலுக்கு எதிரே பாய்ஹான் இப்போது பொரித்த கோழிக்கடை வைத்திருக்கிறான். மார்க்கெட்டுக்குப் போகும் வழி அதுதான் என்பதால் அவள் வாரம் ஒருமுறை அங்கே வாங்குவாள். அவன் அவளுக்கு விலை குறைப்பதில்லை. அவள் அவனைப் பாராட்டுவதும் இல்லை.

"எண்ணெய மாத்து. கறுத்துப்போச்சு" என்றாள் ஒருநாள்.

"காலைலதான் மாத்தினேன். உங்க கண்ண மாத்துங்க" என்று பொட்டலம் கட்டினான். பிறகு, "உங்க கிடங்கப் பத்தி ஒரு விஷயம் கேள்விப்பட்டீங்களா?" என்றான்.

"என்ன? அந்தச் சட்டத்த எடுத்துட்டாங்களா?"

"எடுக்கறதா? நேத்து நாலு பசங்க இங்க நின்னு பேசிக்கிட்டிருந்தானுங்க. பழைய ரப்பரக் குடுக்காம வாங்கின பொட்டலத்துக்குச் சக்தி கிடையாதாம். கிழிஞ்ச ரப்பரா இருந்தா சக்தி ஜாஸ்தியாம். ஒருத்தன் நல்லா இருந்ததையே கழட்டிக் கிழிச்சுக் கொண்டுபோனானாம். முதல்ல இத ஆரம்பிச்சது யாரோ ஒரு பெரிய சாமியாரம்மான்னு சொல்றானுங்க."

லான்யிங் கோழிப் பையை வாங்கவில்லை. கையை நீட்டியபடியே நின்றாள்.

"முட்டாப் பசங்க" என்றாள் கடைசியில்.

"சுக்கான் ஒண்ணும் இதுவரைக்கும் போகலையாம்" என்றான் பாய்ஹான்.

"புது ரப்பர் போட்டா எப்படிடா போகும்?"

"அத நான் சொன்னேன். சிரிக்கறானுங்க."

பணத்தைக் கொடுத்துவிட்டு அவள் சாலையைக் கடந்தாள். பாதி வழியில் நின்று, திரும்பிப் படைத்தள வாசலுக்கு நடந்தாள். காவலுக்கு நின்றவனிடம் பழைய அடையாள அட்டையைக் காட்டி, கிடங்கு அதிகாரியைக் கூப்பிடச் சொன்னாள்.

"என்ன விஷயமா மேடம்?"

"நல்ல ரப்பரக் கிழிக்கிறவனுக்குப் பொட்டலம் குடுக்கக் கூடாதுன்னு சொல்லணும்" என்றாள். "கூப்பிடு. நான் நிக்கறேன்."